மாசம் பத்தாயிரத்து நானூறு சம்பாதிச்சா நீங்க வசதியானவரா?

1/ வடசென்னையில் வேலை பார்க்கும் மருத்துவர் நான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி ஒரு விஷயத்தை உரக்கச் சொல்லியே ஆகணும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கறவங்க கடைசி வரைக்கும் படிங்க. கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/ இந்தத் திட்டத்தில் ஏதாவது மாறினா ஆஸ்பத்திரிகளுக்குப் பட்டியல் வரும். எந்த சிகிச்சைக்கு எவ்வளவு, எந்த ரிப்போர்ட்டை அப்லோட் பண்ணணும் என்று எல்லாம் இருக்கும். 2022 ஜனவரியில் திட்டத்தை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிச்சப்போ 1,090 சிகிச்சை முறைகள், 52 பரிசோதனைகள், 8 தொடர் சிகிச்சைகள். ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. நல்ல திட்டம். இதனால பிழைச்சவங்களை நானே பார்த்திருக்கேன்.

3/ அப்போ இன்னொரு வரியும் மாறிச்சு. குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000லிருந்து 1,20,000 ஆச்சு. எங்களுக்கு 1,090 வரி முக்கியம். உங்களுக்கு இந்த ஒரு வரிதான் முக்கியம். என் சண்டையும் இதோடதான்.

4/ கணக்கு போடுங்க. 1,20,000ஐ 12ஆல் வகுத்தா மாசம் 10,000. தனி ஆளுக்கு இல்ல, மொத்தக் குடும்பத்துக்கு. நாள் கூலி 400, மாசம் 26 நாள் வேலைன்னா 10,400. வருஷத்துக்கு 1,24,800. முடிஞ்சது, நீங்க தகுதி இல்லாதவர். மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்ச்சா சொல்லவே வேண்டாம்.

5/ இனி நான் பார்த்த ஒண்ணு. அடையாளங்களை மாத்தியிருக்கேன். கன்டெய்னர் யார்டில் வேலை செய்யும் நாற்பத்தைந்து வயசுக்காரர், மாரடைப்போட வந்தார். ரத்தக்குழாயில் அடைப்பு, உடனே ஸ்டென்ட் வைக்கணும். அட்டை இல்ல. வருமானச் சான்று வாங்கிட்டு வாங்கன்னு அவர் மனைவியை அனுப்பினாங்க.

6/ அங்கே "மாசம் என்ன வருது?"ன்னு கேட்டிருக்காங்க. அந்தம்மா "பதிமூணாயிரம்"னு உண்மையைச் சொல்லிட்டாங்க. வருஷத்துக்கு 1,56,000. அட்டை கிடையாது. பக்கத்து பெட்டில் இருந்தவரும் அதே யார்டு, அதே சம்பளம். அவர்கிட்ட அட்டை இருந்தது. சான்றில் 72,000ன்னு போட்டு எப்பவோ வாங்கி வெச்சிருந்தார். அவர் மேல எனக்குக் கோபமே இல்ல. உண்மை சொன்னவருக்கு அபராதம் போடற சட்டத்து மேலதான் கோபம்.

7/ அந்தம்மா தண்டலுக்கு வாங்கிப் பணம் கட்டினாங்க. ஸ்டென்ட் வெச்சோம், பிழைச்சார். ரெண்டு மாசம் கழிச்சு செக்கப்புக்கு வந்தப்போ ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த ரெண்டு மாத்திரையில் ஒண்ணை நிறுத்தியிருந்தார். "தண்டல் கட்டணும் டாக்டர், அதான்." புது ஸ்டென்ட் வெச்சவர் அந்த மாத்திரையை இஷ்டத்துக்கு நிறுத்தினா ஸ்டென்ட்லயே ரத்தம் உறைஞ்சு மறுபடி மாரடைப்பு வரலாம். அஞ்சு லட்சம் காப்பீடு இருக்கற ஊரில் இது நடக்குது.

8/ "அவருக்கு இ.எஸ்.ஐ. இருக்குமே?" மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் இ.எஸ்.ஐ. உண்டு, சரி. ஆனா கான்ட்ராக்ட்காரர் பேரைப் பதிவு பண்ணி மாசாமாசம் பணம் கட்டியிருக்கணும். சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுக்கறவர்கிட்ட அதைப் போய்க் கேளுங்க. ஆட்டோ ஓட்டறவருக்கு, காசிமேட்டில் கூடை தூக்கறவருக்கு இ.எஸ்.ஐ.யே கிடையாது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், நடுவில் புயல், மீதி நாள் கடல் கொடுத்தா உண்டு. இவங்களோட "ஆண்டு வருமானம்" எவ்வளவுன்னு எந்த அதிகாரி சரியா எழுத முடியும்?

9/ மாசம் 10,000த்துக்கு மேல, 21,000த்துக்குக் கீழ. இந்த இடைவெளியில்தான் வடசென்னையில் எத்தனையோ உழைக்கிற குடும்பங்கள் இருக்கு. மாநிலத்துக்கே கரண்ட்டும் பெட்ரோலும் கன்டெய்னரும் இவங்க தெரு வழியாப் போகுது. 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவுச்சு. அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிஞ்சுது. அது யாரோட வருமானச் சான்றையும் பார்த்துட்டு மூக்குக்குள்ள போகல.

10/ "ஸ்டான்லியில் இலவசம்தானே, அங்க போகலாமே?" தாராளமாப் போகலாம், நானே அனுப்பறேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. அட்டை உள்ளவருக்குச் சிகிச்சை செஞ்சா அரசு மருத்துவமனைக்கும் திட்டத்திலிருந்து பணம் வரும். அட்டை இல்லாம உங்களை அனுப்பினா உங்களுக்கு மட்டும் இல்ல, ஸ்டான்லிக்கும் நஷ்டம்.

11/ "வரம்பு இல்லன்னா வசதியானவங்களும் வந்துடுவாங்களே?" 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைப் பாருங்க. சாலை விபத்துன்னா முதல் 48 மணி நேரம் அட்டையும் கேக்கறதில்ல, வருமானமும் கேக்கறதில்ல. அரசாங்கமே செஞ்சு காட்டியிருக்கு. எண்ணூர் ரோட்டில் லாரி இடிச்சா கேக்காத கேள்வியை மாரடைப்பு வந்தா மட்டும் ஏன் கேக்கணும்?

12/ "பணத்துக்கு எங்க போறது?" 2021ல் ராஜஸ்தான் ஒரு வழி பண்ணுச்சு. ஏழைகளுக்கு இலவசம், மத்த குடும்பங்கள் வருஷத்துக்கு 850 ரூபாய் கட்டிச் சேரலாம். தண்டலுக்கு வட்டி கட்டற குடும்பம் இதைக் கட்டாதா? கட்டும். கேட்டுப் பார்த்தாதானே தெரியும்.

13/ 2022ல் போட்ட ஒப்பந்தம் 2027 ஜனவரியோட முடியுது. அடுத்த ஒப்பந்தத்தில் ரெண்டு விஷயம் வரணும். ஒண்ணு, வரம்பை இ.எஸ்.ஐ. அளவுக்கு, அதாவது வருஷத்துக்கு 2,52,000 வரைக்கும் ஏத்தணும். ரெண்டு, அதுக்கு மேல இருக்கறவங்க பணம் கட்டிச் சேர வழி வேணும். உங்க கவுன்சிலர், எம்.எல்.ஏ. ஓட்டு கேட்டு வரும்போது பாலம், ரோடோட சேர்த்து இதையும் கேளுங்க.

14/ அதுவரைக்கும்: தகுதி இருந்தும் அட்டை வாங்காதவங்க ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோட கலெக்டர் ஆபீஸுக்குப் போய் இப்பவே பதிவு பண்ணுங்க. நெஞ்சு வலி வந்த அன்னிக்கு வரிசையில் நிக்காதீங்க. சந்தேகம்னா 1800 425 3993, இலவச எண். யார்டில் வேலை செய்யறவங்க கான்ட்ராக்ட்காரர்கிட்ட உங்க இ.எஸ்.ஐ. நம்பரைக் கேளுங்க. அவர் முழிச்சார்னா உங்க பேர் பதிவாகலைன்னு அர்த்தம்.

15/ அந்தம்மா போகும்போது என்கிட்ட கேட்டது: "நான் பொய் சொல்லியிருக்கணுமா டாக்டர்?" இல்லம்மான்னு சொன்னேன். அந்தப் பதிலை எனக்கே நம்ப முடியல. அதனாலதான் இவ்வளவும் எழுதறேன். பகிருங்க.