மண்டிக்காரர் மாதிரி நாமும் பேசலாமா?

போன வருடம் மாசி மாதம், பெரியகுளத்தில் எங்கள் பகுதி இயற்கை உழவர்கள் எட்டுப் பேர் ஒரு மாந்தோப்பில் கூடியிருந்தோம். பழத்தை மண்டிக்குக் கொண்டுபோகாமல் நேரடியாக வீடுகளுக்கு விற்க, இணையத்தில் ஒரு பக்கம் போட வேண்டும் என்பது பேச்சு. தேனியில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை எடுத்துச் செய்யும் தம்பி ஒருவரை வரச் சொல்லியிருந்தோம். எல்லாம் கேட்டுவிட்டு எட்டாயிரம் ரூபாய் ஆகும் என்றார்.

"ஒத்தப் பக்கத்துக்கு எதுக்கு தம்பி எட்டாயிரம்? கம்ப்யூட்டர்ல தட்டுறதுதான? மூவாயிரம் வாங்கிக்கங்க, அடுத்த வருசம் சேத்துப் பாத்துக்கிருவோம்" என்றார் எங்களில் மூத்தவர். தம்பி பதில் சொல்லாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. இதே பேச்சை நான் மண்டியில் எத்தனை வருடம் கேட்டிருக்கிறேன்! "காய் சிறுசா இருக்கு, வரத்து சாஸ்தி, இந்த ரேட்டுக்குப் போட்டுட்டுப் போங்க, அடுத்த லோடுல சேத்துத் தாரேன்." அடுத்த லோடில் யாரும் சேர்த்துத் தந்ததில்லை. விளைபொருளுக்கு நியாய விலை கேட்டு இயக்கம் நடத்துகிற நாம், இன்னொருவர் உழைப்புக்கு விலை பேசும்போது மண்டிக்காரர் குரலில் பேசலாமா என்பதுதான் என் கேள்வி.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முப்பது நாற்பது வீடுகளுக்கு வாட்ஸ்அப் குழுவிலேயே கொடுத்து முடிப்பவர்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை. உங்கள் முகம் தெரிந்தவர்கள் அவர்கள். முகம் தெரியாத சென்னைக்காரரோ கோயம்புத்தூர்க்காரரோ யாரோ அனுப்பிய லிங்க்கைத் தொட்டு வந்து இறங்குகிறார் பாருங்கள், அவருக்குத்தான் அந்தப் பக்கம். 'லேண்டிங் பேஜ்' என்று அந்தத் தொழிலில் சொல்வது இதைத்தான். முழுக் கடை இல்லை. என்ன பழம், யார் விளைவித்தது, என்ன விலை, எப்படி வாங்குவது, அவ்வளவுதான். கர்நாடகத்தில் அரசின் மாம்பழ வளர்ச்சிக் கழகமே இணையதளம் வைத்து, விவசாயிகளின் பழத்தை அஞ்சல் துறை மூலம் பெங்களூரு வீடுகளுக்குச் சேர்க்கிறது. நமக்கு நாமேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சல்லிசாகச் செய்யப் போய் நான் பட்டதும் உண்டு. சில வருடங்களுக்கு முன் பேஸ்புக்கில் விளம்பரம் பார்த்து, வெளியூர்க்காரர் ஒருவரிடம் 2,500 ரூபாய்க்குப் பக்கம் வாங்கினேன். மூன்றே நாளில் வந்துவிட்டது. திறந்து பார்த்தால் மேலே பளபளவென்று அல்போன்சா படம்! என் தோப்பில் இருப்பது கல்லாமை, காசாலட்டு, பத்து மரம் இமாம்பசந்த். 'கல்லாமை' என்று எழுதிய இடத்தில் 'மை'யின் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் தொங்கியது. எழுத்தையெல்லாம் படத்துக்குள்ளேயே ஒட்டியிருந்ததால், கூகுளில் பெரியகுளம் மாம்பழம் என்று தேடிய யாருக்கும் என் பக்கம் அகப்படவில்லை. படங்களைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருந்தார். ஒவ்வொன்றும் ஐந்து எம்.பி. பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பார்க்கிறவர் அது திறக்கும்வரை காத்திருப்பாரா? இருநூறு கே.பி.க்குச் சுருக்கினாலும் பழம் பழமாகத்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய அடி அடுத்த வருடம். இணைய முகவரியை அவர் தன் பெயரில், தன் மெயிலில் பதிவு செய்திருந்தார். புதுப்பிக்கும் நேரத்தில் கேட்ட தொகையைக் கொடுக்க எனக்கு மனமில்லை. முகவரி போயிற்று. அந்த முகவரியை அச்சடித்த அட்டைப்பெட்டிகள் இன்னும் என் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. பட்டா பக்கத்துக் காட்டுக்காரர் பேரில் இருக்கிற நிலத்தில் தென்னை வைத்த கதைதான். 'டாட் இன்' முகவரி வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. டிசைனரைத் தேடுவதற்கு முன்பே உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பர், உங்கள் மெயில் கொடுத்து நீங்களே வாங்கிவிடுங்கள். பாஸ்வேர்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்துச் செய்யச் சொன்னாலும், எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை டிசைன் வரைந்தவருக்கே சொந்தம். போட்டோ போன்ற சிலவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. காசு கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் நமக்குச் சொந்தம். எனவே, "முழுப் பணமும் கொடுத்த பின் பக்கத்தின் உரிமை உழவருடையது" என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. பத்திரத் தாள் எல்லாம் தேடி அலைய வேண்டாம், வெள்ளைத் தாள் போதும்.

இனி எட்டாயிரம் கணக்குக்கு வருகிறேன். ஃபைவர் என்று ஒரு நிறுவனம், உலகம் முழுக்க இப்படித் தனியாக வேலை செய்பவர்களை இணையத்தில் பிடித்துக் கொடுக்கிறது. 2010இல் தொடங்கியபோது ஒரு வேலைக்கு ஐந்து டாலர். பெயரே அதிலிருந்து வந்ததுதான். வேலை செய்பவரின் கூலியில் நூற்றுக்கு இருபது அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். மண்டியில் நூற்றுக்குப் பத்து பிடிக்கும்போதே நமக்கு வயிறு எரிகிறது! தேனித் தம்பி இந்த மாதிரி இடங்களில் இரண்டு வருடம் வெளிநாட்டு வேலை பார்த்தவராம். "நைட்டு ரெண்டு மணிக்கு மெசேஜ் வரும்ணே, எந்திரிச்சு திருத்திக் குடுக்கணும். இல்லேன்னா ஸ்டாரைக் குறைச்சிருவாங்க" என்றார். அவரும் ஒரு சந்தையில் விலை சொல்ல முடியாமல் நிற்கிறவர்தான்.

அன்று கூட்டத்தில் நான் மூத்தவரிடம், "மாமா, ஆளுக்கு ஆயிரம் போட்டா எட்டாயிரம் வந்துருச்சுல்ல, இதுல எதுக்குப் பேரம்?" என்றேன். கொஞ்சம் முனகினார், பிறகு சரி என்றார். செலவைக் குறைக்க நியாயமான வழி எனக்குத் தெரிந்து அதுதான்: கூலியைக் குறைக்காமல் பங்கைக் கூட்டுவது. எட்டுத் தோப்புக்கும் ஒரே பக்கம், ஆளுக்கு ஒரு படமும் நாலு வரியும். "பணத்துக்குப் பதிலா ரெண்டு பெட்டி பழம் தந்துருவோமா?" என்றும் ஒருவர் கேட்டார். தம்பி வீட்டுக்கும் கரண்டு பில் வருகிறது. இமாம்பசந்தைக் கொடுத்து அதைக் கட்ட முடியாது.

கூலியைக் குறைக்காவிட்டாலும் வேலையைக் குறைக்கலாம். நம் இயற்கை வழியில் வெளியிலிருந்து வாங்கும் இடுபொருளைக் குறைக்கச் சொல்கிறோம் இல்லையா, இங்கேயும் அப்படித்தான். படத்தையும் எழுத்தையும் நாமே கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. காலை வெயிலில் உங்கள் போனிலேயே எடுங்கள்: மரம், காய், பறிக்கிற கை, வைக்கோலில் அடுக்கிய பழம். அந்த வைக்கோல் படம் அவசியம். வாங்குகிறவர் முதலில் கேட்பதே "கல்லு வச்சுப் பழுக்க வச்சதா?" என்றுதான். கார்பைடு கல் வைப்பதற்குச் சட்டப்படி தடை இருந்தும் அந்தப் பயம் போகவில்லை. எழுத்தையும் டிசைனரிடம் விட்டால் '100 சதவீதம் பிரீமியம் நேச்சுரல்' என்று எங்கோ பார்த்ததைத்தான் போடுவார், பாவம், அவருக்கு வேறென்ன தெரியும். எந்த வருடத்திலிருந்து உரமும் மருந்தும் நிறுத்தினீர்கள், தத்துப்பூச்சிக்கு என்ன அடிக்கிறீர்கள், எந்த வாரம் எந்த ரகம் வரும் என்று எழுதினால் போதும்.

ஆர்கானிக் என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017 விதிகளின்படி அப்படிச் சொல்லி விற்க என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். சான்று வேண்டும். நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் சிறு உற்பத்தியாளருக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் சான்று இல்லாதவர் ஜைவிக் பாரத் முத்திரையைப் போட முடியாது. அழகாக இருக்கிறதே என்று டிசைனர் கூகுளில் எடுத்து ஒட்டிவிடுவார். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பலரும் கேட்கிறார்கள். ஃப்ளெக்ஸ் கடைத் தம்பிகளுக்குத் தமிழ் எழுத்து நன்றாக வரும், ஆனால் போன் திரைக்கு அடக்கமாகச் செய்வது வேறு வேலை. முன்பு செய்த பக்கத்தின் லிங்க்கை வாங்கி உங்கள் போனில் திறந்து பாருங்கள். அதைவிட, அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். தேனித் தம்பி அன்று விலை சொல்வதற்கு முன் கேட்டார்: "அண்ணே, பழம் நசுங்கிப் போய்ச் சேந்தா என்ன செய்வீங்க? திருப்பிக் காசா, வேற பழமா?" எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரிடமும் பதில் இல்லை. அரை மணி நேரம் பேசி, படம் அனுப்பினால் அடுத்த பெட்டியில் ஈடு செய்வது என்று முடிவு செய்தோம். அந்த ஒரு வரிதான் பக்கத்தில் பலரும் நம்பிப் பணம் கட்டக் காரணம் என்று பின்னால் வாங்கியவர்களே சொன்னார்கள்.

பாதி முன்பணம், இரண்டு முறை திருத்தம், சீசன் முடியும்வரை விலை மாற்றினால் அவர் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். வைகாசிக் காற்றில் இமாம்பசந்த் பாதி உதிர்ந்த அன்று ராத்திரி அவருக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் 'இந்த ரகம் தீர்ந்தது' என்று மாறிவிட்டது. மூவாயிரத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்திருந்தால் அந்த நேரத்தில் போனை எடுத்திருப்பாரா, தெரியாது.

இப்போது கம்பத்தில் பன்னீர் திராட்சை வைத்திருக்கும் உறவுக்காரர் ஒருவர் தனக்கும் பக்கம் வேண்டும் என்கிறார். 2023இல் அந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த முத்திரையைப் போடலாமா என்று கேட்டார். அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்தால்தான் போடலாம் என்று சொல்லி, தம்பியின் நம்பரைக் கொடுத்தேன். மறுநாள் உறவுக்காரர் கூப்பிட்டார். "என்னா மாப்ள, பக்கத்தப் பத்திப் பேசவே மாட்டேங்குறாரு. திராட்சைய எதுல வச்சு அனுப்புவீங்க, மெட்ராசு போய்ச் சேர்றதுக்குள்ள கொத்து உதிராதான்னே கேக்குறாரு" என்றார். இருவரும் இப்போது பெட்டிதான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.