மூன்று வயதுக் குழந்தை யாருடைய பொறுப்பு?

காலைத் திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்றால், காரியாபட்டிச் சாலையில் வேன்கள் விரைவதைக் காணலாம். பஞ்சாலைக்கும் பட்டாசு ஆலைக்கும் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன்கள் அவை. தூக்குச்சட்டியுடன் ஏறும் அத்தாய்மார்களுள் பலருக்கு வீட்டில் மூன்று அல்லது நான்கு வயதுக் குழந்தை உண்டு. அங்கன்வாடியின் கதவு திறக்க நெடுநேரம் இருக்கிறது. அதுவரை அக்குழந்தை யாரிடம் இருக்கும்?

அண்மையில் அன்பியக் கூட்டம் ஒன்றில் ஒரு பெரியவர் சொன்னார்: “குழந்தை தாயின் மடிக்குச் சொந்தம் சாமி. அதற்குப் பிறகு நம் சிஸ்டர்மார் பள்ளி இருக்கிறது. அரசாங்கம் சோறு போட்டால் போதும், பாடம் எதற்கு?” கூடியிருந்தோர் தலையசைத்தனர். நம்மவர் பலரின் கருத்து அதுவே என்பதால், இக்கட்டுரையை அப்பெரியவருக்கே விடையாக எழுதுகிறேன்.

தாயின் மடி என்பதை நானும் போற்றுகிறேன். ஆனால் அந்த மடி காலை ஏழு மணிக்கு வேனில் ஏறிவிடுகிறதே! அவள் ஆசைப்பட்டுப் போகவில்லை. மானாவாரி நிலம் ஏமாற்றும் மண்ணில் கூலியின்றி அடுப்பு எரியாது. குழந்தையை உடன் அழைத்துச் செல்லவும் இயலாது. முப்பது பெண்களுக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் காப்பறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கூறியது. ஆனால் வெடிமருந்து உலரும் வளாகத்தருகே பிள்ளையைக் கிடத்த எந்தத் தாய் துணிவாள்? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்ததை நாம் மறக்கவில்லை. 2024 மே முதல் நாளில் ஆவியூர் அருகே கல்குவாரியில் வெடித்த ஓசை நம் வீட்டுச் சன்னல்களுக்கு எவ்வளவு அருகில் கேட்டது! தீப்பெட்டி ஒட்டும் வேலையும், அனுமதியின்றித் திரி சுற்றும் வேலையும் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்ட ஊர்களில் வீடும் பாதுகாப்பான இடம் அன்று.

ஆகவே அக்குழந்தை அக்காளின் இடுப்பில் ஏறுகிறது. அக்காளுக்கு வயது பத்து. அவள் பள்ளிக்குப் போகாத நாள்களின் கணக்கை யாரும் கேட்பதில்லை. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விதியை மீறிய முதலாளி பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு ஆலைக்குச் சென்ற பிள்ளையைக் கண்டது. தம்பியைத் தூக்கிக்கொண்டு திண்ணையில் நின்ற பிள்ளையைக் காணவில்லை. மழலைப் பள்ளி மூன்று வயதுக் குழந்தைக்கு மட்டும் உரியதன்று; பெரிய வகுப்புக்குச் செல்ல வேண்டிய அக்காளைக் காப்பதும் அதுவே. இதை உணராமல் நாம் பெண்கல்வி பற்றி மறையுரை ஆற்றுகிறோம்.

திருச்சபைப் படிப்பினை தெரிந்தோர் வேறொரு கேள்வி எழுப்புவர். குடும்பமும் சிறு அமைப்புகளும் செய்யக்கூடியதைப் பேரமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்று 1931-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் கற்பித்தார் அன்றோ? ஆம், கற்பித்தார். குருமடத்தில் அக்கோட்பாட்டை நானும் கற்றுத் தேர்வு எழுதியவன்தான். ஆனால் அதன் மறுபாதியை நாம் வசதியாக விட்டுவிடுகிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே முதல் ஆசான்கள் என்று சொல்வதோடு நிற்கவில்லை. பெற்றோராலும் பிற அமைப்புகளாலும் இயலாததை நிறைவு செய்யும் கடமை அரசுக்கு உண்டு என்றும் கூறுகிறது. கல்வியை அரசு தனியுடைமை ஆக்குவதையே அது மறுக்கிறது. பெற்றோரால் இயலவில்லை என்பது வேன் கிளம்பும்போதே தெரிந்துவிட்டது. அடுத்துக் கேட்க வேண்டியது, நம்மால் இயன்றதா என்பது.

இங்கே நாம் கொஞ்சம் வெட்கப்படத்தான் வேண்டும். நம் மழலைப் பள்ளிகளில் சீருடையும் ஒழுங்கும் ஆங்கிலப் பாட்டும் உண்டு. கட்டணச் சீட்டும் உண்டு. பட்டாசுத் தொழிலாளியின் பிள்ளைக்கு அச்சீட்டு எட்டுவதில்லை. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் தம் முதல் குழந்தைகள் இல்லத்தை உரோமையின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டில் திரிந்த பிள்ளைகளுக்காகவே அது தொடங்கப்பட்டது. 1939-இல் அடையாற்றுக்கு வந்த அவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். இன்றோ அவர் பெயர் தாங்கிய பலகைகள் நகரத்துச் செல்வர் தெருக்களிலேயே தொங்குகின்றன. நம் பலகைகள் மட்டும் வேறு எங்கே தொங்குகின்றன?

அரசை நான் பாராட்ட வரவில்லை. 1950-இல் அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு, பதினான்கு வயது முடியும் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வி என்றது. ஆறு வயதுக்குக் குறைந்தோரை அது விலக்கவில்லை. 2002-இல் வந்த 86-ஆம் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வரை என்று கோடு கிழித்து, அதற்கு உட்பட்டோருக்கு மட்டும் உரிமை தந்தது. சிறியோருக்கு அரசு “முயலும்” என்ற வாக்குறுதியே மிஞ்சியது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டமும் மூன்று வயதுக்கு மேற்பட்டோரின் முன்பருவக் கல்விக்கு ஏற்பாடு செய்யலாம் என்றதே தவிர, செய்தே ஆக வேண்டும் எனவில்லை.

அதன் விளைவைத் தமிழகத்தில் கண்டோம். 2019 சனவரியில் 2,381 அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களின் அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டன. 2022 சூனில் அவ்வகுப்புகள் நிறுத்தப்படும் என்றார்கள்; எதிர்ப்பு எழுந்ததும் தொடரும் என்றார்கள்; மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர் என்றார்கள். உரிமை என்றிருந்தால் இவ்வாறு கொடுத்துப் பறித்துக் கொடுக்க முடியுமா? அங்கன்வாடிப் பணியாளருக்குப் பணிக்கொடை உண்டு என்பதைக்கூட 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. சத்துமாவு, முட்டை, எடைப்பதிவேடு, கணக்கெடுப்பு, கைப்பேசிப் பதிவு அத்தனையும் செய்தபின் அந்த அம்மாள் எப்போது குழந்தையோடு உட்கார்ந்து கதை சொல்வாள்?

அரசு மோசமாகச் செய்கிறது, ஆகவே செய்யவே வேண்டாம் என்பது விந்தையான வாதம். அரசு மருத்துவமனையில் வரிசை நீளம் என்பதற்காக அதை மூடச் சொல்வோமா? விருதுநகர் மண்ணில் பிறந்த காமராசர் 1956-இல் பள்ளி மதிய உணவைத் தொடங்கியபோதும் இது அரசின் வேலையா என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

ஓர் அச்சத்தை மட்டும் நான் மதிக்கிறேன். பிஞ்சு மனத்தில் ஆட்சியாளர் தம் கொள்கையை ஊன்றிவிடுவாரோ என்னும் அச்சம் அது. அதற்கு மருந்து, பெற்றோர் உள்ளே சென்று பார்ப்பதும் கேள்வி கேட்பதும்தான். தம் பிள்ளையை அங்கு அனுப்பாத நாம் எந்த உரிமையில் கேட்போம்? மூன்று வயதில் எழுத்தைத் திணிக்கும் மழலைப் பள்ளியை நானும் விரும்பேன். அது அரசுடையது ஆயினும் நம்முடையது ஆயினும் சரி. மணலும் பாட்டும் உறக்கமும் போதும்.

சிறுவரைத் தடுத்த சீடர்மீது ஆண்டவர் சினந்தார் என்று மாற்கு மட்டுமே எழுதுகிறார். அச்சீடர்களும் நல்லெண்ணத்தோடுதான் தடுத்திருப்பார்கள்.

1975 அக்டோபர் 2 அன்றுதான் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. ஆண்டுதோறும் அதே நாளில் நம் ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. அங்கன்வாடி காலை ஏழு மணிக்குத் திறக்க வேண்டும், கல்விக்கென்றே ஒரு பணியாளர் வேண்டும் என்று நம் அன்பியங்கள் அங்கே மனுக் கொடுக்கட்டும். மனுவை எழுதித் தர நான் இருக்கிறேன். அது நிறைவேறும் வரை, காலை ஆறரை முதல் நம் மறைக்கல்வி மண்டபத்தின் சாவி கோவில்பிள்ளையிடம் இருக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பாட்டிமார்கள் முன்வந்தால் போதும். கட்டணச் சீட்டு வேண்டாம்.