சத்தம் கேட்டால் கேஸ் அடிப்பதுதான் மருந்தா?

பேலியகொடைச் சந்தியில் காலை ஒன்பது மணிக்கு வாகன நெரிசலில் அகப்பட்டவர்களுக்கு ஏசி என்பது ஆடம்பரமல்ல என்பது நன்கு விளங்கும். 2011இல் மீன் சந்தை புறக்கோட்டையிலிருந்து இங்கு வந்தது. 2013இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. பின்னர் மெனிங் சந்தையும் வந்து சேர்ந்தது. லொறிப் புகைக்கும் தூசுக்கும் பயந்து கண்ணாடியை இறக்கவும் முடியாது, ஏசி இல்லாமல் ஏற்றியே வைத்திருக்கவும் முடியாது.

எனது ஸ்டோரும் இந்தப் பக்கம்தான். கடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் வேனின் சாரதி ஒருநாள் வந்து, "முதலாளி, ஏசியப் போட்டா முன்னுக்கு கிர் என்று ஒரு சத்தம் வருது" என்றார். "குளிருதுதானே, பிறகு பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டேன். சில வாரங்களில் குளிரும் குறைந்தது. கராஜுக்கு அனுப்பினேன். எங்கிருந்து சத்தம் வருகிறது என்று பார்க்காமலே கேஸ் அடித்து அனுப்பினார்கள். குளிர் வந்தது, சத்தம் போகவில்லை. ஒரு மாதத்தில் மறுபடியும் கேஸ் அடித்தோம்.

மூன்றாம் முறைக்கு இடமிருக்கவில்லை. சாமானோடு போன வேன் நடுப்பாதையில் நின்றுவிட்டது. கம்ப்ரெஸர் இறுகி, பெல்ட் அறுந்திருந்தது. அந்த வேனில் பெட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுவது அதே பெல்ட்தான். ஏசியின் நோய் இன்ஜினையே நிறுத்திவிட்டது. நான் முதலில் ஏசியது சாரதியைத்தான். அவர் ஒன்றும் பேசவில்லை.

வேறொரு கராஜில் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. குழாய் இணைப்பொன்றில் இருந்த சிறிய ரப்பர் வளையம் பழுதாகி, அதன் வழியே கேஸ் கசிந்திருக்கிறது. பெற்றோல் போல ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருவது. சில மாதங்களுக்குள் குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே அர்த்தம். கம்ப்ரெஸருக்கு வேண்டிய எண்ணெயும் அந்தக் கேஸோடு சேர்ந்தே சுற்றுகிறது. கேஸ் குறைந்தால் எண்ணெய் ஒழுங்காகத் திரும்பி வராது, கசிவோடு எண்ணெயும் வெளியேறும். ஓட்டையை அடைக்காமல் கேஸை மட்டும் அடித்ததால், கம்ப்ரெஸர் காய்ந்து தேய்ந்திருக்கிறது. சாரதி கேட்ட சத்தம் அந்தத் தேய்மானத்தின் சத்தம்.

கம்ப்ரெஸரை மட்டும் மாற்றியும் தப்ப முடியவில்லை. உடைந்த உலோகத் தூள் குழாய்கள் எங்கும் பரவியிருந்தது. அதைச் சுத்தம் செய்து, கண்டென்ஸர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு ஆகியவற்றையும் மாற்றாவிட்டால் புதிய கம்ப்ரெஸரும் அதே வழியில் போகும். ஒரு ரப்பர் வளையத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை இலட்சத்தைத் தாண்டியது.

இந்த அனுபவத்தில் நான் படித்துக்கொண்டதை நம்மவர்களுக்கும் சொல்கிறேன். சத்தம் எப்போது வருகிறது என்பதே பாதி வைத்தியம்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, காற்று விசிறியைப் போட்டுப் பாருங்கள். விசிறியின் வேகத்தோடு சத்தமும் கூடிக் குறைந்தால் கோளாறு விசிறியில். பல வேளைகளில் உள்ளே போன காய்ந்த இலையோ கடதாசித் துண்டோதான் காரணம். டேஷ்போர்டுக்குப் பின்னால் டிக் டிக் என்று விடாமல் கேட்டால், காற்றைத் திருப்பும் கதவின் சிறிய மோட்டரைப் பார்க்க வேண்டும்.

இன்ஜின் ஓடுகிறது, ஏசி போடவில்லை, ஆனாலும் முன்னால் உராயும் சத்தம் கேட்கிறதென்றால் கம்ப்ரெஸர் புலியின் பெயரிங்கைச் சந்தேகிக்கலாம். ஏசி நிறுத்தியிருந்தாலும் அந்தப் புலி சுழன்றுகொண்டுதான் இருக்கும். ஏசியைப் போட்ட கணத்தில் கீச்சென்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். ஏசி போட்டால் மட்டும் கிர் என்றோ தட்டுவது போலவோ கேட்டால் கிளட்ச் அல்லது கம்ப்ரெஸர். அப்போது உடனே ஏசியை நிறுத்திவிட்டுக் கராஜுக்குப் போவதே புத்தி.

எல்லாச் சத்தமும் நோயல்ல. இன்ஜினை நிறுத்தியதும் சிறிது நேரம் உஸ் என்று கேட்பதும், கம்ப்ரெஸர் வேலை தொடங்கும்போது ஒரு கிளிக் கேட்பதும் சாதாரணம். இதைச் சொல்லிக் காசு கேட்பவரிடம் அவதானமாக இருங்கள்.

பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் கம்ப்ரெஸர் பெல்ட்டில் அல்ல, உயர் மின்சாரத்தில் ஓடுகிறது. அதற்குரிய எண்ணெயும் வேறு. சாதாரண எண்ணெயை ஊற்றினால் மின்கசிவு ஏற்பட்டு வாகனமே ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ஆரஞ்சு நிற வயர்களில் பழக்கமில்லாதவர் கை வைப்பது உயிருக்கே ஆபத்து.

கராஜில் மூன்று கேள்விகள் கேளுங்கள். கசிவு எங்கே? எண்ணெய் எவ்வளவு ஊற்றினீர்கள்? கழற்றிய பழைய பாகம் எங்கே? நேர்மையான பாஸுக்கு இதில் கோபம் வராது. நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் நிறுவையைக் கேட்டால் நாம் கோபிக்கிறோமா?

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபா விழுந்தது. 2025இல் இறக்குமதிக்குக் கதவு திறந்த பின்னரும், புது வாகனத்தின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்புபவர்களே நம்மில் அதிகம். பழைய வாகனத்தைப் பேணி ஓட்டுவதுதான் நமக்கு லாபம்.

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் எனக்கு வேறு. பழுது வெளியான அன்று மாலை சாரதியைக் கூப்பிட்டு, "நீங்க சொன்னது சரி, நான்தான் கேட்கல்ல" என்றேன். "ரெண்டாந்தரம் சொன்னா ஏசுவீங்க என்று பயந்தேன் முதலாளி" என்றார். நாள் முழுக்க அந்த வாகனத்தில் இருப்பவர் அவர்தான். அவர் வாயை அடைத்துவிட்டு எந்தக் கராஜுக்குப் போய் என்ன பயன்? இன்று உங்கள் சாரதியிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: "வாகனத்தில் ஏதும் சத்தம் வருகிறதா?"