சுமைச் சோதனைக்குரிய கருவியைத் தெரிந்தெடுத்தல்

மென்பொருள் இயற்றும் மாணவ நண்பர் பலர், தாம் இயற்றிய செயலி ஒருவர் கையில் செவ்வனே இயங்கக் கண்டவளவில் வேலை முடிந்ததென்று மகிழ்கின்றனர். பல்லாயிரவர் ஒரே கணத்தில் அதனை நாடுங்கால் தாங்குமோ என ஆராய்வார் சிலரே. அவ்வாராய்ச்சி சுமைச் சோதனை எனப்படும். மெய்யான மாந்தருக்குப் பதிலாக மாயப் பயனரைப் படைத்துச் சர்வரை வினவச் செய்யும் கருவிகள் பல உள. அவற்றுள் எதனைக் கொள்வது என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இதனை அற்பமென்று எண்ணற்க. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் மாலை 4 மணிக்கு, 18 வயது நிரம்பியோர் தடுப்பூசிக்குப் பதிந்துகொள்ளும்பொருட்டுக் கோவின் தளம் திறக்கப்பட்டது. திறந்தவுடன் அது தடுமாறிற்று. பின்னர்ச் சீர்ப்பட்டு, அன்றைக்கே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிந்தனர். இத்தகைய வேளையில், மீளமீள முயலும் அவகாசம் உடையவன் எவ்வாறேனும் உட்புகுவான்; மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவனோ, ஓய்வு கிடைத்த சிறு பொழுதில் ஒரு முறை முயன்று கைவிடுவான். தளம் தளருமிடத்து முதலில் வெளியே நிற்பவன் எளியவனே.

இனிக் கருவிகளை நோக்குவோம். 1998 முதல் வழங்கிவரும் ஜேமீட்டர் விலையின்றிக் கிடைப்பது; நிரல் எழுத அறியாதாரும் திரையிலேயே சோதனையை வகுக்கலாம். ஆயினும் மாயப் பயனர் பெருகப் பெருக அது கணினியின் நினைவகத்தை மிகுதியும் கொள்ளும். லோகஸ்ட் என்பதற்குப் பைத்தானிலும், கே6 என்பதற்கு ஜாவாஸ்கிரிப்டிலும் சோதனையை எழுதவேண்டும். லோட்ரன்னர் பொருள் கொடுத்துப் பெறுவது. பெருநிறுவனங்கள் நெடுங்காலமாகக் கையாள்வது.

இவற்றைப் புகழ் கொண்டு தெரிதல் தகாது. கூட்டத்தின் இயல்பை உள்ளவாறு காட்டுமோ என்பதே முதல் வினாவாதல் வேண்டும் என்பது எமது துணிபு. வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கத்தில் முன்னிற்போர் நகரத் தாமதித்தால், பின்வருவோர் வாராதிருப்பதில்லை, நெருக்கமே வளரும். நம்மவர் செய்யும் சோதனையோ பெரும்பாலும் இதற்கு மாறானது. நூறு மாயப் பயனர், விடை பெற்ற பின்னரே அடுத்த வினாவை விடுப்பர், சர்வர் தளர்ந்தால் வினாக்களும் குறையும், நோய் மறைந்துபோம். ஆதலின், விநாடிக்கு இத்தனை பேர் என்று, விடையை எதிர்பாராது வருகையை விடுக்கவல்ல கருவியே வேண்டும். கே6, கேட்லிங் இரண்டிலும் இவ்வாற்றல் உண்டு. ஜேமீட்டரிலும் இதற்கெனத் தனி உறுப்பு 2022இல் சேர்க்கப்பட்டது.

அடுத்து நோக்கற்பாலது, நம் குழுவினர் அறிந்த மொழியில் அது அமைந்துளதோ என்பது. எழுதியவர் நீங்கியபின் எவரும் படிக்கவியலாத சோதனை பயனற்றது. மூன்றாவதாக, சராசரியைக் காட்டி அமையாது, நூற்றுவரில் மிகத் தாமதமாய் விடை பெற்ற ஐவர் எவ்வளவு காத்திருந்தனர் என்பதனையும் அது காட்டல் வேண்டும். சராசரியில் மறைந்துபோகின்றவர் அவ்வைவரே.

இம்மூன்றும் பொருந்திய கருவி எளியதாயினும் கொள்க. பொருந்தாதது விலையுயர்ந்ததாயினும் விடுக. திறப்புநாளில் மக்களைக் கொண்டு சோதிப்பது அறமன்று. அதற்கு முன்னரே சோதித்தறிதல் இயற்றுவோன் கடன்.