அண்ணரின் "சின்ன ஒப்பரேசன்"

அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேல் அந்தக் கடித உறை மூன்று மாதம் கிடந்தது. உள்ளே ஒரு சின்னக் குழாய். அதன் குச்சியால் மலத்தைத் தொட்டு மூடித் தபாலில் போட்டால், கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 50 முதல் 74 வயதுவரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. குடல் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க 2019இலிருந்து ஒன்ராறியோவில் இந்தச் சோதனைதான். இலவசம். எனக்கோ அருவருப்பு. ஊரில் பேதி குடித்த சனிக்கிழமைகளில் எத்தனை தரம் போனது என்று அம்மாவுக்குக் கணக்குச் சொன்னவன் நான்!

ஒருவழியாக அனுப்பினேன். 'ஒன்றுமில்லை' என்று பதில் வந்தது.

போன கோடையில் பாரிசிலிருந்து வந்த அண்ணி, தேத்தண்ணி குடிக்கும்போது வாய் தவறிச் சொன்னார். அண்ணருக்கு 52 வயதில் செய்த "சின்ன ஒப்பரேசன்" குடல் புற்றுநோய்க்காம். மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று ஆறு வருடம் மூடிவைத்திருக்கிறார்கள்.

குடும்ப வைத்தியரிடம் சொன்னேன். பெற்றோர், சகோதரர், பிள்ளை என்று ஒருவருக்கு இது வந்திருந்தால் தபால் உறை போதாது, நேரே கொலனோஸ்கோபிதான் என்றார். 50 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால். எது முந்துகிறதோ அது. எனக்கு அப்போதே 56.

கொலனோஸ்கோபிக்கு முதல்நாள் குடிக்கிற மருந்து பழைய பேதியேதான். மறுநாள் இரண்டு பொலிப் எடுத்தார்கள். குடலின் உட்சுவரில் காளான்போல முளைக்கிற சதை அது. எல்லாம் புற்றுநோயாவதில்லை, ஆகிறவைக்கும் பெரும்பாலும் பத்து வருடம்போல் பிடிக்கும். அதுவரை பெரும்பாலும் நோவு இல்லை, அறிகுறி இல்லை. கமராவோடு உள்ளே போகிற வைத்தியர் கம்பிக் கண்ணி போட்டு அங்கேயே அறுத்தெடுத்துவிடுகிறார். அந்தப் பொலிப்பின் கதை அத்தோடு முடிகிறது. என்னுடையவற்றில் ஒன்று புற்றுநோயாக மாறக்கூடிய வகை.

எங்கள் மரண அறிவித்தல்களில் பூட்டப்பிள்ளைகள்வரை பெயர் இருக்கும். என்ன வருத்தம் என்று மட்டும் இருக்காது. ஊர் வாய்க்குப் பயந்து மறைக்கிறோம். விலை கொடுப்பது சொந்த இரத்தம்.

அண்ணரின் மகள் இப்போது இங்கே மார்க்கம் நகரில் இருக்கிறாள், வயது 31. அவள் 42இல் கொலனோஸ்கோபிக்குப் போகவேண்டும். "அவளுக்குச் சொல்லாதே" என்றார் அண்ணர்.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். அண்ணர் இன்னும் என்னோடு கதைக்கவில்லை.