கிலோக் கணக்கு போதாது

மீன் இறங்குதளத்தில் ஏலம் முடிந்த பிறகு ஒரு சுறாவை வெட்டிக் கூறுபோட அதிக நேரம் ஆவதில்லை. தலையும் துடுப்பும் போய்விட்டால், அது எந்தச் சிற்றினம் என்று சொல்ல மரபணுச் சோதனைதான் வழி. கத்தி விழுவதற்கு முந்தைய அந்தச் சில நிமிடங்களில் நாம் எதைக் குறித்துக்கொள்கிறோமோ அதுதான் சுறா பற்றிய நம் அறிவியல். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாகச் சுறாப் பிடிப்பைச் சிற்றினவாரியாக மதிப்பிட்டு வருகிறது. ஆனால் உள்ளூர்ப் பதிவேடுகளிலும், மாணவர்களின் ஆய்வேடுகளிலும், நமக்கு வரும் கட்டுரைகள் பலவற்றிலும் இன்றும் இருப்பது ‘சுறா’ என்ற ஒரே தலைப்பும் அதற்கு நேரே எடையும்தான். இந்தப் பழக்கத்தை விட்டுவிடவேண்டும் என்பதே இவ்விதழின் நிலைப்பாடு.

அடையாளம் காண்பது கடினம் என்பது வழக்கமான சமாதானம். கடினமான ஓர் இணையையே எடுத்துக்கொள்வோம். கார்கரைனஸ் லிம்பேட்டஸ், கார்கரைனஸ் பிரெவிபின்னா இரண்டுக்குமே துடுப்பு நுனி கறுப்பு. இரண்டுக்குமே முதுகுத் துடுப்புகளுக்கு இடையே வரம்பு கிடையாது. வளர்ந்த பிரெவிபின்னாவுக்குக் குதத் துடுப்பின் நுனியும் கறுத்திருக்கும். லிம்பேட்டஸுக்கு அது பெரும்பாலும் வெளுப்பு. குட்டிப் பிரெவிபின்னாவிலோ இந்தக் கறுப்பே தெரியாது. அப்போது முதல் முதுகுத் துடுப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கவேண்டும். மார்புத் துடுப்பு உடலோடு சேரும் இடத்துக்கு மேலேயே தொடங்கினால் லிம்பேட்டஸ். மார்புத் துடுப்பின் பின்முனை வரை தள்ளித் தொடங்கினால் பிரெவிபின்னா. பழகிய கண்ணுக்கு இது அரை நிமிட வேலை. சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு பக்கவாட்டுப் படமும், எத்தனாலில் நகக்கண் அளவு திசுவும் போதும்.

ஒரே கூடையில் கிடந்தாலும் சுறாக்களின் வாழ்க்கைக் கணக்கு ஒன்றல்ல. பால் சுறா என்று புட்டுக்குப் போகும் ஸ்கோலியோடானின் முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவே. கரு முழுக்க முழுக்கத் தாயின் நஞ்சுக்கொடியை நம்பி வளர்கிறது. ஓரிரு ஆண்டுகளில் அது இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். கொம்பன் சுறாக்களில் ஒன்றான ஸ்பைர்னா லெவினியின் பெண்ணோ இரண்டு மீட்டரைத் தாண்டிய பிறகே குட்டி போடும். ஐ.யு.சி.என். செம்பட்டியலில் அது மிக அருகிய இனம். முன்னது தாங்கும் மீன்பிடி அழுத்தத்தைப் பின்னது தாங்காது. இரண்டையும் சேர்த்து எடை போட்டால், ஒன்றின் பெருக்கம் மற்றதன் வீழ்ச்சியை மறைத்துவிடும். வரைபடத்தில் கோடு நேராகவே போகும். உலக அளவில் 1970க்குப் பிறகு பெருங்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 2021இல் தெரியவந்ததும், சிற்றினங்களைத் தனித்தனியாகக் கணக்கிட்டதால்தான்.

கரைக்கு வந்த ஒற்றை உடல் எவ்வளவு சொல்லும் என்பதற்குத் தைவானைப் பார்க்கலாம். திமிங்கலச் சுறா முட்டையிடுமா, குட்டி போடுமா என்ற விவாதம், 1953இல் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு முட்டை உறை கிடைத்ததிலிருந்தே இருந்துவந்தது. 1995இல் தைவான் மீனவர்களிடம் 10.6 மீட்டர் நீளப் பெண் சுறா ஒன்று சிக்கியது. அதன் வயிற்றில் ஏறக்குறைய 300 கருக்கள் இருந்தன. எல்லாம் ஒரே பருவத்தில் இல்லாமல் வெவ்வேறு வளர்ச்சி நிலைகளில் இருந்தன. விவாதம் அன்றே முடிந்தது. பத்திரப்படுத்தியிருந்தவற்றில் 29 கருக்களின் மரபணுவைப் பார்த்து, அவற்றுக்கு ஒரே தந்தை என்று 2010இல் எழுதினார்கள். அந்தச் சுறாவை எடை போட்டதோடு விட்டிருந்தால் இவற்றில் எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது.

உயிருள்ள சுறாவிடம் கற்பதற்கும் விடாத பதிவுதான் வேண்டும். பஹாமாவின் பிமினித் தீவில் ஆய்வாளர் சாமுவேல் குரூபர் தொடங்கிய சுறா ஆய்வு நிலையத்தில், காயலில் வளரும் லெமன் சுறாக் குட்டிகளை ஆண்டுதோறும் பிடித்து, அடையாளச் சில்லு பொருத்தி, துடுப்பில் சிறு துணுக்கு எடுத்தபின் விட்டுவிடுகிறார்கள். அங்கே பிறந்த பெண் சுறாக்கள் 14 முதல் 17 ஆண்டுகள் கழித்துத் தாம் பிறந்த அதே இடத்துக்குக் குட்டி போட வருகின்றன என்பது 2013இல் வெளியானது. மூன்றாண்டுத் திட்ட நிதியில் கிடைக்கக்கூடிய முடிவல்ல இது.

பதிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நம் கரையிலேயே உண்டு. புதுச்சேரியில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1839இல் மியூல்லரும் ஹென்லேயும் விவரித்த கார்கரைனஸ் ஹெமியோடான், அந்த ஊரின் பேரிலேயே புதுச்சேரிச் சுறா எனப்படுகிறது. உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் மாதிரிகள் இருபதுக்கும் குறைவு. 1979க்குப் பிறகு அதற்கு உறுதியான பதிவு இல்லை. அது அற்றுப்போய்விட்டதா, கூறுபோட்ட துண்டுகளோடு அடையாளமின்றிப் போய்க்கொண்டிருக்கிறதா? நம் பதிவேடுகளால் பதில் சொல்ல முடியாது.

சட்டமும் இப்போது இதே கேள்வியைத்தான் கேட்கிறது. 2001 ஜூலையில் சுறா, திருக்கை அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மீனவர்களின் வாழ்வாதாரக் குரல் எழுந்ததும் அதே ஆண்டு டிசம்பரில் பட்டியல் பத்து சிற்றினங்களாகச் சுருங்கியது. 2013இல் துடுப்பை உடலோடு சேர்த்தே கரைக்குக் கொண்டுவரவேண்டும் என்ற கொள்கை வந்தது. 2015இல் துடுப்பு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் மாநாடு 2022இல் பனாமாவில் கூடி, கார்கரைனிடே குடும்பம் முழுவதையும் இரண்டாம் பிற்சேர்க்கையில் வைத்தது. பால் சுறாவும் அதில் அடக்கம். அந்தப் பட்டியலில் உள்ள சிற்றினத்தை ஏற்றுமதி செய்வதென்றால், அதனால் இயற்கை இருப்புக்குத் தீங்கில்லை என்று நாட்டின் அறிவியல் ஆணையம் சொல்லவேண்டும். அப்படிச் சொல்லத் தேவைப்படும் நீளப் பரவலும் முதிர்ச்சி அளவும் நம் கைப்பதிவிலிருந்துதான் போகவேண்டும். தரவு இல்லாத இடத்தில் முழுத் தடையோ முழு அலட்சியமோதான் வரும். 2001இல் ஆறே மாதத்தில் இரண்டையும் பார்த்துவிட்டோம்.

மீனவர்களைத் தள்ளிவைத்துவிட்டு இந்த வேலை நடக்காது. அட்டவணை மீன் தற்செயலாக வலையில் ஏறினாலும் வழக்கு வருமோ என்று பயந்து, துறைமுகத்துக்கு வராமலே அதை அப்புறப்படுத்துகிற நிலை ஏற்பட்டால் நஷ்டம் அறிவியலுக்குத்தான். குஜராத்தில் திமிங்கலச் சுறாவை விடுவிக்க வலையை அறுத்த மீனவர்களுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். பிறகு அவர்கள் கையிலேயே கேமரா கொடுத்து, விடுவிப்பைத் தாங்களே படமெடுக்கச் சொன்னார்கள். அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டாமென்றதும் சுறா விரைவாகக் கடலுக்குத் திரும்பியது, பதிவும் கிடைத்தது. கொச்சியைத் தளமாக வைத்து அரபிக் கடலில் தூண்டில் போடும் குமரி மாவட்டத் தூத்தூர் வட்டார மீனவர்கள், எந்த மாதத்தில் எந்த ஆழத்தில் எந்தச் சுறா சினையாக வரும் என்று அறிந்தவர்கள். அவர்களைத் தகவலாளர்கள் என்று ஆய்வேட்டின் நன்றியுரைக்குள் அடக்கிவிடுவது நியாயமல்ல. அவர்கள் இணை ஆய்வாளர்கள்.

இனி இவ்விதழுக்கு வரும் இறங்குதள ஆய்வுகளில் சிற்றினம், பால், மொத்த நீளம் மூன்றும் தனித்தனியாக இருக்கவேண்டும். ஆணாக இருந்தால் கிளாஸ்பர் உறுப்பு இறுகியிருந்ததா என்றும், பெண்ணாக இருந்தால் கருக்களின் எண்ணிக்கையும் நீளமும் என்ன என்றும் சேர்க்கவேண்டும். அட்டவணை இனமானால் திசு எடுப்பதற்கு வனத்துறை அனுமதி பெற்றதைக் காட்டவேண்டும். சரிபார்க்கும்படி படம் இணைக்கவேண்டும். ‘சுறா’ என்ற மொத்தத் தலைப்பில் எடையை மட்டும் தரும் கட்டுரைகளை மதிப்பாய்வுக்கு அனுப்பமாட்டோம்.