கட்டடம் நிற்கிறது, வகுப்பறை நிறைகிறதா?

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிள்ளையை எங்கே சேர்ப்பது? அதே நாட்களில் நம் ஊர்களில் உள்ள சமுதாயக் கல்லூரிகளின் அலுவலகங்களில் வேறொரு கவலை: இந்த ஆண்டு எத்தனை பேர் சேர்வார்கள்? இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆனால் நாம் அவற்றைச் சேர்த்து யோசிப்பதே இல்லை.

நம் தவறிலிருந்தே தொடங்குவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்க் கல்லூரியின் கமிட்டியார் கேட்டுக்கொண்டதால், புதிய கட்டடத்துக்காக ஜும்ஆ மேடையில் நாம் நிதி கேட்டோம். அல்லாஹ்வின் கிருபையால் மக்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். கட்டடம் எழும்பியது, கல்வெட்டும் பதித்தார்கள். அண்மையில் அங்கே போனபோது அதன் மேல்தளத்தில் நான்கு அறைகள் பூட்டிக் கிடந்தன. வரலாற்றுப் பிரிவில் புதிய சேர்க்கை நின்றுபோயிருந்தது. பழைய கட்டடத்தில் ஆய்வகக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மாணவிகளின் எண்ணிக்கைக்குக் கழிப்பறைகள் போதவில்லை. கட்டடத்துக்குப் பணம் கேட்ட நாம், அங்கே படிக்க யார் வருவார்கள், வருகிறவர்களுக்கு என்ன தேவை என்று அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத் தாமதமாகவேனும் கேட்கும் முயற்சி.

முன்னோர் விட்டுச்சென்றது

தமிழகத்து முஸ்லிம்கள் உயர்கல்வியில் கை வைத்தது நேற்றல்ல. தோல் வணிகர்களின் ஊரான வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919-இல் தொடங்கியது. 1951-இல் சென்னையில் நியூ காலேஜும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் வந்தன. 1955-இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி, 1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி, 1965-இல் மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி, 1970-இல் இளையான்குடியில் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரி, 1971-இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி என்று வரிசை நீள்கிறது.

இவற்றில் பல சிற்றூர்கள். பஸ் வசதியே அரிதாக இருந்த காலத்தில் ஊர்ப் பிள்ளைகள் ஊரிலேயே பட்டம் பெறட்டும் என்று வணிகர்கள் நிலம் கொடுத்தார்கள், பணம் கொடுத்தார்கள். அதிராம்பட்டினத்தில் கல்லூரியை உருவாக்கியதே ஒரு மத்ரஸா அறக்கட்டளைதான். மார்க்கக் கல்வியையும் உலகக் கல்வியையும் எதிரெதிராக நிறுத்தாத பெரியவர்கள் அவர்கள். இந்தக் கல்லூரிகள் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து வைத்தன. சுற்று வட்டாரக் கிராமங்களின் முதல் பட்டதாரிகளில் எத்தனையோ பேர் இவற்றின் வகுப்பறையில் உட்கார்ந்தவர்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு சிறிய சமுதாயக் கல்லூரியின் வரவு மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, அரசு உதவி. உதவி பெறும் பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. ஆனால் கூரையை மாற்ற, ஆய்வகம் அமைக்க, விடுதி கட்ட அந்தப் பணம் வராது. இரண்டாவது, சுயநிதிப் பிரிவின் கட்டணம். கணினி, வணிக நிர்வாகம் போன்று பிற்காலத்தில் தொடங்கிய பாடங்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவில்தான் இருக்கின்றன. அங்கே ஆசிரியர் சம்பளமும் கட்டணத்திலிருந்துதான். மூன்றாவது, சமுதாயத்தின் நன்கொடை.

சேர்க்கைக்கும் வசதிக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, சுயநிதிப் பிரிவில் ஒரு மூன்றாண்டுப் படிப்பு. ஆண்டுக்கு 60 இடங்கள். கட்டணம் 20,000 ரூபாய். எல்லா இடங்களும் நிறைந்தால் மூன்று ஆண்டு மாணவர்களும் சேர்ந்து 180 பேர். வரவு 36 லட்சம். ஆறு ஆசிரியர்களுக்கு மாதம் 20,000 வீதம் கொடுத்தால் ஆண்டுக்கு 14 லட்சத்து 40 ஆயிரம். மீதி 21 லட்சத்துக்கு மேல். ஆய்வகம், நூலகம், பஸ், பழுதுபார்ப்பு எல்லாம் அந்த மீதியில் நடக்கும்.

இப்போது ஆண்டுக்கு 25 பேர்தான் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 75 பேர்; வரவு 15 லட்சம். ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. சம்பளம் போக மிஞ்சுவது 60 ஆயிரம். மின்கட்டணத்துக்கே அது காணாது. அப்போது பழுதுபார்ப்பு தள்ளிப்போகும். கூரை ஒழுகும். அதைப் பார்த்த பெற்றோர் அடுத்த ஆண்டு பிள்ளையை வேறு கல்லூரிக்கு அனுப்புவார்கள். சேர்க்கை மேலும் குறையும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட கல்லூரிக்குப் புதிய கட்டடம் கட்டிக் கொடுப்பது, பசியில் இருப்பவனுக்குப் புதுச்சட்டை வாங்கிக் கொடுப்பது போலத்தான்.

பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

1984-க்குப் பிறகு தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. வண்டலூரிலும் கீழக்கரையிலும் நம் சமுதாயச் செல்வந்தர்களும் அந்த ஆண்டே பொறியியல் கல்லூரிகளைத் தொடங்கினார்கள். காலப்போக்கில் மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. கலைக் கல்லூரி என்றாலே இரண்டாம் தரம் என்ற எண்ணம் வீடுகளில் வேரூன்றியது. பின்னர் பொறியியலில் இடங்கள் காலியாகக் கிடந்தன. பெற்றோர் மறுபடி கலை, அறிவியல் பக்கம் திரும்பினார்கள். ஆனால் திரும்பியவர்கள் கேட்டது பி.காமும் பி.சி.ஏவும். வரலாறு, தமிழ், அரபி போன்ற பிரிவுகளுக்கு அந்த அலையில் பங்கு கிடைக்கவில்லை.

இன்னொரு புறம், வீட்டில் பிள்ளைகளின் எண்ணிக்கையே குறைந்துவிட்டது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம் பெண்ணொருவரின் சராசரிக் குழந்தைப்பேறு 1992-93-இல் 4.4, 2019-21-இல் 2.36. தமிழகத்தில் எல்லாச் சமுதாயங்களும் சேர்ந்து 1.8. இனி வரும் ஆண்டுகளில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளே குறைவாகத்தான் இருப்பார்கள். இருக்கும் பிள்ளைகளுக்காகக் கல்லூரிகள் போட்டி போடும். அந்தப் போட்டியில் சிற்றூர்க் கல்லூரி முந்துவது கடினம்.

தேசிய அளவில் நம் நிலையையும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2019-20-இல் உயர்கல்வியில் சுமார் 21 லட்சம் முஸ்லிம் மாணவர்கள் இருந்தார்கள். கொரோனா ஆண்டான 2020-21-இல் அது 19.21 லட்சமாகச் சரிந்தது. 2021-22-இல் மீண்டும் 21 லட்சத்தைத் தொட்டாலும், மொத்த மாணவர்களில் நம் பங்கு 4.87 சதவீதம்தான். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் நம் பங்கோ 14.2 சதவீதம்.

இதே கணக்கெடுப்பில் மகிழத்தக்க செய்தியும் உண்டு. 2021-22-இல் அந்த 21 லட்சத்தில் சுமார் 10.5 லட்சம் பேர் பெண்கள். அதாவது சரிபாதி. நம் ஊர்களிலும் இதைக் கண்ணால் பார்க்கிறோம். பையன்கள் பிளஸ் டூ முடித்ததும் கடைக்கோ வளைகுடாவுக்கோ கிளம்புகிறார்கள். பெண்பிள்ளைகள் படிக்கக் கேட்கிறார்கள். வெளியூர் விடுதிக்கு மகளை அனுப்பத் தயங்கும் வாப்பாவும் உம்மாவும் உள்ளூர்க் கல்லூரிக்குச் சம்மதிக்கிறார்கள். சிற்றூர்க் கல்லூரி மூடப்பட்டால் பையன் வேறு ஊருக்குப் போய்விடுவான். பெண்பிள்ளையின் படிப்பு பல வீடுகளில் அத்தோடு நின்றுவிடும். ஆகவே கழிப்பறையும் பாதுகாப்பான பஸ்ஸும் தொழுகைக்கு ஓர் இடமும் சில்லறை விஷயங்கள் அல்ல. சேர்க்கையைத் தீர்மானிப்பவையே அவைதான்.

அரசின் கதவுகள்

முன்பு ஐந்தாண்டுத் திட்டங்களின்போது பல்கலைக்கழக மானியக் குழு தகுதியுள்ள உதவிபெறும் கல்லூரிகளுக்கு வளர்ச்சி நிதி தந்துவந்தது. 2017-இல் 12-வது திட்டத்தோடு ஐந்தாண்டுத் திட்டங்களே முடிவுக்கு வந்தன. சிறுபான்மையினருக்கென்று இருந்த உதவிகளும் சுருங்கின. ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-இல் நிறுத்தப்பட்டது. 1989-இல் நிறுவப்பட்ட மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையை மூடும்படி 2024 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையோ, கல்லூரிகள் பல்துறை கொண்டவையாக, 3,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டவையாக வளர வேண்டும் என்று இலக்கு வைக்கிறது. சில நூறு மாணவர்கள் மட்டும் படிக்கும் கல்லூரிக்கு அந்தப் பாதையில் இடம் எங்கே என்ற கவலை நியாயமானது. இதைச் சமுதாயத் தலைவர்கள் ஆட்சியாளர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதே சமயம், திறந்திருக்கும் கதவுகளையும் நாம் பயன்படுத்துவதில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவி உயர்கல்வியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. 2024 டிசம்பர் இறுதியில் அது அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இந்த விவரம் தெரியாமல் கட்டணத்துக்குப் பயந்து படிப்பை நிறுத்தும் குடும்பம் நம் மஹல்லாவில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

மார்க்கம் காட்டும் வழி

கல்விக்குக் கொடுப்பதில் நம் மக்கள் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. எதற்கு, எந்த வகைப் பணத்தைக் கொடுப்பது என்பதில்தான் குழப்பம்.

ஜகாத் பணத்தைக் கட்டடத்தில் போட முடியாது. ஜகாத், தகுதியுள்ள மனிதரின் கையில் உரிமையாகச் சேர வேண்டும் என்பது பெரும்பான்மை ஃபுகஹாக்களின் நிலைப்பாடு. ஆனால் ஏழை மாணவருக்கு ஜகாத்தைக் கொடுத்து, அவர் அதைக் கட்டணமாகச் செலுத்தலாம். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு மஹல்லா பத்துப் பிள்ளைகளின் கட்டணத்தை ஏற்றால், பத்துக் குடும்பங்களின் கடமையும் நிறைவேறுகிறது. கல்லூரியின் பத்து இடங்களும் நிறைகின்றன.

கட்டடத்துக்கும் பராமரிப்புக்கும் உரியவை ஸதகாவும் வக்ஃபும். உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் நிலம் கிடைத்தபோது, அதன் மூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மமாக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபின் உயிர் அங்கேதான் இருக்கிறது: மூலம் நிலைக்க வேண்டும், பலன் ஓட வேண்டும். ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் ஒருபடி மேலே போய், வக்ஃபின் வருமானத்தில் முதல் செலவு அந்த வக்ஃபைப் பழுதுபார்ப்பதே, கொடுத்தவர் அதை நிபந்தனையாக எழுதாவிட்டாலும் அதுவே முறை என்கின்றன. நாமோ கட்டடத்தைக் கொடுத்துவிட்டு அதைக் காக்கும் வருமானத்தைக் கொடுக்க மறந்துவிடுகிறோம். பத்து அறை கட்டும் பணத்தில் ஆறு அறை கட்டி, மீதியில் இரண்டு கடைகளை வாங்கி வாடகையைப் பராமரிப்புக்கு எழுதிவைத்தால், கொடுத்தவர் கப்ருக்குப் போன பிறகும் அந்தக் கூரை ஒழுகாது. அதுவல்லவா ஸதகத்துல் ஜாரியா! வட்டிக் கடன் வாங்கிக் கட்டும் நிலையும் வராது. 2025 வக்ஃப் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு எழுத்துப்பூர்வமான ஆவணம் இல்லாமல் புதிய வக்ஃப் ஏற்படுத்த முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

யார் என்ன செய்வது?

கல்லூரிக் கமிட்டியார் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பக்க அறிக்கையை ஜமாஅத்தின் முன் வைக்கட்டும். ஒரு பக்கத்தில் பாடவாரியாக எத்தனை இடங்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள். மறுபக்கத்தில் வரவும் செலவும். கணக்கு காட்டுகிறவருக்குத்தான் மக்கள் மனமுவந்து கொடுப்பார்கள்.

கொடுக்கும் செல்வந்தர்கள், தங்கள் பெயரில் கட்டடம் வேண்டும் என்று கேட்பதற்கு முன் கல்லூரிக்கு என்ன வேண்டும் என்று கேட்கட்டும். பதில் ஒரு பஸ் ஓட்டுநரின் சம்பளமாகவோ கழிப்பறைப் பராமரிப்பாகவோ இருக்கலாம். அதில் கல்வெட்டு பதிக்க முடியாது. அல்லாஹ்விடத்தில் அதற்குப் பதிவேடு உண்டு.

பெற்றோர்கள், உள்ளூர்க் கல்லூரியைக் கடைசி வாய்ப்பாக வைக்காமல் நேரில் போய்ப் பார்த்து முடிவெடுங்கள். குறை இருந்தால் கமிட்டியிடம் சொல்லுங்கள். சமுதாயக் கல்லூரி என்பதற்காக மட்டும் தரம் குறைந்த இடத்தில் பிள்ளையைச் சேர்க்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் பார்க்காமலே ஒதுக்குவதும் நியாயமில்லை.

ஆலிம்களாகிய நமக்கும் பங்கு உண்டு. இனி எந்தக் கல்லூரிக்காகவும் மிம்பரில் நிதி கேட்கும்முன், அந்த இரண்டு பக்க அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத்தான் பேசுவது என்று நாம் முடிவு செய்திருக்கிறோம். அந்தச் சிற்றூர்க் கமிட்டியாரிடமும் இதைச் சொன்னோம். முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு, பூட்டிய நான்கு அறைகளில் இரண்டை மாணவிகளின் ஓய்வறையாகவும் தொழுமிடமாகவும் மாற்றிக் கழிப்பறைகளைக் கூட்டுவது பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஆய்வகக் கூரைக்கு இன்னும் பணம் சேரவில்லை.

முன்னோர் நட்ட மரத்தின் நிழலில் உட்கார்ந்தவர்கள் நாம். தண்ணீர் ஊற்றும் முறை இப்போது நம்முடையது. அதைச் செய்யும் மனதையும் வசதியையும் அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.